உல்கு மனையின் பேரேடு

(உரையின் எழுத்து வடிவம்)



எண்ணுதல் என்னும் தமிழ்ச்சொல்லுக்கு இருபொருள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடக்குவோனும் எண்ணுகிறான். இன்னது செய்தால் இன்னது விளையும் என்று நெஞ்சுக்குள் ஆய்ந்து பார்ப்போனும் எண்ணுகிறான். இவ்விரண்டு எண்ணுதலையும் ஒருவரே ஒரே இருக்கையில் அமர்ந்து செய்யவேண்டிய தொழில் ஒன்று இன்று பெரும்பாலான அரசுகளில் உண்டு. ஒரு சட்டம் இயற்றப்படுமுன், ஒரு வரி ஏற்றப்படுமுன், அயல்நாட்டோடு ஒரு வணிக உடன்படிக்கை கையெழுத்தாகுமுன், அதனால் யாருக்கு எவ்வளவு ஊதியம், யாருக்கு எவ்வளவு இழப்பு என்று தரவுகளைத் திரட்டி, அலசி, ஆட்சியாளர் கையில் எழுதிக் கொடுப்பதே அத்தொழில். அரசுத் தரவாய்வாளர் என்று அவரைச் சொல்லலாம். மேடைகளில் அவர் பெயர் ஒலிப்பதில்லை. ஆனால் அமைச்சர் மேடையில் முழங்கும் எண் அவர் எழுதிக் கொடுத்த எண்ணே.

இத்தொழில் எங்கே எப்படி வேர்விட்டது, வேர்விட்ட காலத்திலேயே அது நம் சோழமண்டலக் கரையின் தறியை எவ்வாறு தொட்டது என்பதே இன்றைய உரையின் பொருள். உரை நடப்பதெல்லாம் இலண்டன் மாநகரில். உரையில் பேசப்படும் துணி நம் கரையில் நெய்யப்பட்டது.

துறைமுக வாயிலில் வரி தண்டுவது உலகுக்குப் புதிதன்று. சுங்கத்திற்கு 'உல்கு' என்று பெயரிட்ட மொழி நம்முடையது. காவிரிப்பூம்பட்டினத்து வாயிலில் உல்கு காவலர் ஓய்வின்றிப் பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை பாடுகிறது. முதற் குலோத்துங்கன் 'சுங்கந்தவிர்த்த சோழன்' என்றே பெயர் பெற்றான். எனினும், அவன் சுங்கம் தவிர்த்தபின் வணிகம் எவ்வளவு பெருகிற்று, கருவூலம் எவ்வளவு குறைந்தது என்று எழுதிவைத்த ஓலை நம் கைக்கு வந்து சேரவில்லை. வரி தண்டுவது வேறு. வரியின் விளைவை எண்ணுவது வேறு. பின்னதற்கென்று தனி அலுவலகம் கண்ட அரசுகளுள் முந்தியது இங்கிலாந்து. ஆண்டு 1696.

அப்போது இங்கிலாந்து பிரான்சோடு நெடும்போரில் ஈடுபட்டிருந்தது. கருவூலம் வற்றிக்கொண்டிருந்தது. நாட்டுக்குள் வரும் பொருள் எவ்வளவு, போகும் பொருள் எவ்வளவு என்பதை ஒருவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அவ்வாண்டில்தான் வணிக வாரியம் அமைந்தது. மெய்யியல் அறிஞர் சான் லாக்கு அதில் ஓர் உறுப்பினர். அவ்வாண்டில்தான் இலண்டன் உல்கு மனையில் 'ஏற்றுமதி இறக்குமதித் தலைமைக் கண்காணி' என்னும் பதவியும் தோன்றியது. முதலில் அமர்ந்தவர் வில்லியம் கல்லிபோர்டு. 1703 முதல் 1714 வரை அமர்ந்தவர் சார்லசு தாவனந்து. இத்தாவனந்தின் கதைதான் நமக்கு வேண்டியது.

இவர் ஒரு பாவலனின் மகன். தந்தை வில்லியம் தாவனந்து நாடகமும் பாட்டும் எழுதிப் புகழ்பெற்றவர். மகனோ வரித்துறையில் பழகி, எண்களைக் கொண்டு ஆட்சியை ஆராயும் கலையில் இறங்கினார். அரசியல் சார்ந்த செய்திகளை எண்களால் அலசி முடிவுகாணும் கலைக்கு 'அரசியற் கணக்கியல்' என்று அந்நாளில் பெயர். கிரிகோரி கிங் என்னும் நண்பரின் குறிப்புகளைக் கொண்டு 1699-இல் தாவனந்து வெளியிட்ட ஒரு கணக்கை இன்றும் பொருளியல் மாணவர் படிக்கின்றனர். விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தவசவிலை பத்தில் மூன்று பங்கு ஏறும். பத்தில் இரண்டு பங்கு குறைந்தால் எட்டுப் பங்கு ஏறும். பாதி குறைந்தாலோ நாற்பத்தைந்து பங்கு, அஃதாவது நாலரை மடங்கு, ஏறும் என்பது அக்கணக்கு. குறைவு சிறிதாயினும் விளைவு சிறிதாக இராது என்பதை எண்ணால் காட்டிய அறிவு அது. பஞ்சம் கண்ட நாட்டு மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனித் துணிக்கு வருவோம். 17-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் நம் நாட்டுப் பருத்தித் துணி இங்கிலாந்தைக் கொள்ளை கொண்டது. கோழிக்கோட்டின் பெயரால் 'காலிக்கோ' என்று அவர்கள் அழைத்த துணியும், சாயமூட்டிப் பூவெழுதிய சீட்டித்துணியும் அரண்மனை மகளிர் முதல் வேலைக்காரப் பெண்டிர் வரை எல்லாரும் உடுத்தும் துணிகளாயின. சென்னை, கடலூர், மசூலிப்பட்டினம் முதலிய சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்தும், குசராத்து, வங்கத் துறைகளிலிருந்தும் கிழக்கிந்தியக் குழுமம் அவற்றை ஏற்றிச் சென்றது. இலேசாக இருக்கும், வெளுத்தாலும் சாயம் போகாது, விலையும் குறைவு. இங்கிலாந்தின் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் வயிற்றில் அடித்துக்கொண்டனர். 1697-இல் இலண்டன் நெசவாளர் கிழக்கிந்தியக் குழுமத்தின் மனையையே தாக்கினர். அவர்களைக் குறைசொல்வது எளிது. அடுப்பெரியாத வீட்டுக்காரனிடம் உலக வணிகத்தின் பெருமையைப் பேசிப் பயனில்லை.

இந்தியத் துணியைத் தடைசெய்க என்னும் கூக்குரல் எழுந்தபோது, 1696-இல், தாவனந்து கிழக்கிந்திய வணிகத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தடை வேண்டா என்பது அவர் கட்சி. மலிவான இந்தியத் துணியை நாட்டார் உடுத்திக்கொண்டு, விலைமிகுந்த கம்பளியை அயல்நாட்டுக்கு விற்றால் நாட்டுக்கு ஊதியமே. நாம் விட்ட வணிகத்தை ஒல்லாந்தர் கைப்பற்றுவர். தடுத்தால் கம்பளி மிகுதியாக விற்கும் என்பதற்கு உறுதியில்லை என்று அவர் வழக்காடினார். குழுமத்துக்காகப் பேசுகிறார் என்னும் ஐயமும் அவர்மேல் விழுந்தது. நாடாளுமன்றம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. 1700-இல் சட்டம் நிறைவேறியது. 1701 செபுதம்பர் 29 முதல், கீழைநாட்டுப் பட்டையும், அச்சிட்ட, சாயமூட்டிய, பூவெழுதிய காலிக்கோவையும் இங்கிலாந்தில் உடுத்தலாகாது. கொண்டுவந்து பூட்டிய கிடங்கில் வைத்து, வேறு நாடுகளுக்கு ஏற்றி அனுப்பலாம் என்றது சட்டம். வெள்ளைத் துணிக்குத் தடை இல்லை. வரி மட்டும் உண்டு.

இரண்டாண்டு கழித்து, அச்சட்டத்தை எதிர்த்தெழுதிய அதே தாவனந்து, ஏற்றுமதி இறக்குமதிப் பேரேட்டின் காவலராக அமர்ந்தார். வழக்காடியவர் கணக்கரானார். இனி அவர் எண்ணுவதை யார் நம்புவது? இந்த வினாவிலிருந்து அத்தொழிலைச் செய்யும் எவரும் இன்றளவும் தப்பவில்லை.

அப்பேரேட்டைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். இன்றும் இலண்டனில் கியூ என்னுமிடத்து நாட்டு ஆவணக் காப்பகத்தில் 1697 முதலான அப்பேரேடுகள் உள்ளன. பண்டத்தின் பெயர், அளவு, எந்த நாட்டிலிருந்து வந்தது அல்லது எந்த நாட்டுக்குப் போனது, மதிப்பு எவ்வளவு என்று கட்டங்கட்டமாக எழுதப்பட்டது அது. பார்த்தால் இதைவிட உறுதியான சான்று உண்டா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பள்ளம் இருந்தது.

மதிப்பு என்னும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு விலை குறித்தார்கள். பிறகு அவ்விலையை மாற்றாமலே விட்டுவிட்டார்கள். ஒரு துணிக்கு 10 சில்லிங்கு என்று 1700-ஐ ஒட்டிக் குறித்திருந்தால், சந்தையில் அது 5 சில்லிங்குக்கு விற்றாலும் 15 சில்லிங்குக்கு விற்றாலும் பேரேட்டில் 10 சில்லிங்குதான். அரசன் மாறினான், அரசமரபே மாறியது, அந்த 10 மட்டும் மாறவில்லை! இதை வைத்துக்கொண்டுதான் நாட்டுக்குள் பொன் வருகிறதா போகிறதா என்று நாடாளுமன்றத்தில் தொண்டை வறளப் பேசினார்கள். 1798-இல் போர்க்காலப் பாதுகாப்பு வரி ஒன்றைத் தண்டுவதற்காக ஏற்றுமதிப் பண்டங்களின் உண்மை விலையை வணிகரே எழுதித்தர வேண்டும் என்றாயிற்று. அன்று பார்த்தால், பேரேட்டு மதிப்பைவிட உண்மை மதிப்பு மிக உயர்ந்து நின்றது. பின்னர் ஆலைப்பருத்தியின் விலை சரியவே, நிலைமை தலைகீழாகிப் பேரேட்டு மதிப்பு உண்மை மதிப்பைத் தாண்டிச் சென்றது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. விலை உறைந்து நின்றதால், அப்பேரேட்டு மதிப்பு விலையைக் காட்டாவிட்டாலும் அளவைக் காட்டியது. ஐம்பது ஆண்டு இடைவெளியில் எவ்வளவு பொருள் மிகுதியாக வந்தது என்று ஒப்பிட இன்றைய ஆய்வாளர்க்கு அதுவே கைகொடுக்கிறது. எதற்காக எழுதினார்களோ அதற்கு உதவாத எண், எழுதியவர் நினையாத ஒன்றுக்கு உதவியது.

அளவு என்னும் கட்டமும் மாசற்றதன்று. 1700-இல் கம்பளி ஏற்றுமதிக்கு இருந்த வரி நீக்கப்பட்டது. வரி இல்லை என்றால் மிகுத்து எழுதினாலும் வணிகனுக்குச் செலவில்லை. பெருவணிகன் என்று பெயர் வாங்க விரும்பியவன் நூறு பொதி ஏற்றி நூற்றைம்பது என்று எழுதக் கூடும். இறக்குமதியிலோ இதற்கு நேர்மாறு. வரி மிகுந்த பண்டம் இருட்டில் கரையேறும்; பேரேட்டில் ஏறாது. தேயிலையே போதிய சான்று. 1784-இல் இளைய பிட்டு என்னும் தலைமையமைச்சர் தேயிலை வரியை நூற்றுக்கு 119-இலிருந்து 12.5-ஆகக் குறைத்தார். உடனே முறைப்படி விற்கும் தேயிலையின் அளவு இரு மடங்குக்கு மேல் ஏறியது. ஒரே ஆண்டில் ஆங்கிலேயன் இரண்டு மடங்கு தேநீர் குடிக்கத் தொடங்கினானா? இல்லை. கள்ளக் கடத்தலில் வந்த தேயிலை வாயிற்கதவு வழியாக வரத் தொடங்கியது. ஒரு சட்டத்தின் விளைவை எண்ணப் புகுவோன் முதலில் கேட்கவேண்டியது இது: மாறியது மக்கள் செயலா, அல்லது பேரேட்டில் ஏறும் வழியா?

இதைவிடக் கடிய சிக்கல் ஒன்று தாவனந்துக்கு இருந்தது. 1701-இல் துணித் தடை நடைமுறைக்கு வந்தது. 1702-இல் பிரான்சோடும் இசுபெயினோடும் மீண்டும் பெரும்போர் மூண்டது. அதே ஆண்டில், ஒன்றோடொன்று பூசலிட்டுக்கொண்டிருந்த பழைய, புதிய கிழக்கிந்தியக் குழுமங்கள் இரண்டும் இணையத் தொடங்கி 1709-இல் ஒன்றாயின. இனி, பேரேட்டில் துணியின் அளவு ஏறினாலும் இறங்கினாலும் அதற்குக் கரணியம் தடையா, போரா, குழுமங்களின் இணைப்பா? மூன்று ஆறுகள் கலந்த நீரை ஒரு குடத்தில் மொண்டு, இதில் எந்த ஆற்று நீர் எவ்வளவு என்று கேட்பது போன்றது இது. தடையே இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்தாலன்றித் தடையின் விளைவைச் சொல்லவியலாது. நடவாத ஒன்றைப் பேரேடு எழுதாது. இன்றைய தரவாய்வாளர் இந்த 'நடவாத நிலை'யைக் கணக்கால் அமைத்துக்கொண்டு, அதனோடு நடப்பதை ஒப்பிடுகிறார். தாவனந்திடம் அதற்குரிய கருவி இல்லை. அவரிடம் இருந்தவை பேரேடும் தூவலும் அரசியலாரின் நெருக்கமுமே.

அந்நெருக்கம் 1711, 1712 ஆண்டுகளில் முற்றியது. பிரான்சோடு போர் முடித்து வணிக உடன்படிக்கை செய்துகொள்ள அரசி ஆனின் அமைச்சரவை விரும்பியது. பொதுக்கணக்கு ஆணையர்க்குத் தாவனந்து அறிக்கைகள் எழுதினார். பிரான்சு வணிகத்தால் நாடு பேரிழப்பு அடைகிறது என்று அதுவரை சொல்லிவந்த பழங்கணக்கு மிகையானது என்பது அவர் நிலை. அவர் சொன்னதில் உண்மை இருந்தது. கப்பல் முதலில் எந்த நாட்டுக்குச் செல்கிறது என்பதைத்தான் பேரேடு எழுதியது; ஒல்லாந்துக்குப் போன பண்டம் அங்கிருந்து எங்கெங்கோ சென்றது. ஆனால் அமைச்சர் விரும்பிய விடையும் அதுவாகவே இருந்தமையால், உண்மையும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. தானியல் தெபோ 'மெர்க்கேட்டர்' என்னும் இதழில் உடன்படிக்கையை ஆதரித்து உல்கு மனைக் கணக்கை எடுத்துக்காட்டினார். எதிர்த்தரப்பார் 'பிரித்தானிய வணிகன்' என்னும் இதழில் அதே உல்கு மனையின் கணக்கைக் கொண்டே மறுத்தனர். 1713 சூன் 18-இல் நாடாளுமன்றம் உடன்படிக்கையின் வணிகக் கூறுகளைத் தள்ளியது. எதிர்த்தோர் 194, ஆதரித்தோர் 185. ஒன்பதே வாக்கு!

அந்த எதிர்த்தரப்பு இதழில் எழுதியவர்களுள் ஒருவர் என்றி மார்ட்டின். தாவனந்து 1714-இல் மறைந்தபின் அதே இருக்கையில் அமர்ந்தவரும் இவரே. 1701-இல் பெயரின்றி வெளிவந்த ஒரு நூலை அறிஞர் இவருடையதென்று கொள்கின்றனர். இந்தியாவின் மலிவுத் துணியைத் தடுப்பது மடமை; சிலர் செய்யும் வேலையைப் பலரைக்கொண்டு செய்விப்பது உழைப்பை வீணாக்குவது; மலிவான போட்டி வந்தால்தான் தொழிலைப் பகுத்துச் செய்யும் முறையும் பொறிகளும் தோன்றும் என்று கூறும் நூல் அது. 1701-இல் கதவைத் திற என்றவர், 1713-இல் பிரான்சுக்குக் கதவைச் சாத்து என்றார். கட்சி மாறினார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பேரேடு ஒன்றுதான், அதிலிருந்து எந்த வினாவுக்கு விடை தேடுகிறோம் என்பது வேறுபட்டது என்றும் சொல்லலாம்.

இனி அத்தடை என்ன செய்தது என்று பாருங்கள். அச்சிட்ட துணிக்குத் தடை, வெள்ளைத் துணிக்குத் தடையில்லை என்றதும் வெள்ளைத் துணியை இறக்கி இலண்டனைச் சுற்றியே சாயமூட்டி அச்சிடும் பட்டறைகள் பெருகின. கம்பளி நெசவாளனைக் காக்க வந்த சட்டம், அவன் வீட்டு வாசலிலேயே அவனுக்குப் புதுப் பகைவனை வளர்த்தது. 1719-இல் நெசவாளர் மீண்டும் கிளர்ந்தனர். தெருவில் சீட்டித்துணி உடுத்திச் சென்ற பெண்களின் ஆடையைக் கிழித்தனர்; மையையும் எரிநீரையும் வீசினர். அப்பெண்கள் பட்ட அலைக்கழிவு எந்தப் பேரேட்டிலும் இல்லை. 1721-இல் இரண்டாம் சட்டம் வந்தது. எங்கே அச்சிட்டதாயினும் காலிக்கோ உடுத்தலாகாது. உடுத்தினால் 5 பவுன் தண்டம், விற்றால் 20 பவுன் தண்டம். முழுநீலச் சாயத் துணியும் மசுலினும் கழுத்துத் துணியும் மட்டும் விலக்கு. மார்ட்டின் மறைந்ததும் அதே ஆண்டில்.

இத்தோடு நின்றதா? சணல்நார்ப் பாவும் பருத்தி ஊடும் கலந்த துணிக்கு 1736-இல் விலக்குக் கிடைத்தது. அவ்விடுக்கு வழியாக இலங்காசயரில் பருத்தித் தொழில் வளர்ந்தது. 1774-இல், தம் நாட்டிலேயே நெய்த முழுப்பருத்தித் துணிக்குத் தடை நீங்கியது. அது பிரித்தானியத் துணி என்று அறிவதற்குக் கரையில் மூன்று நீல நூல் ஓடவேண்டும் என்றது சட்டம். கம்பளியைக் காக்கத் தொடங்கிய ஒன்று எழுபத்தைந்து ஆண்டுகளில் பருத்தியாலைக்குத் தொட்டில் கட்டி முடிந்தது. 1700-இல் இந்த விளைவை மதிப்பிட்டுச் சொல்க என்று எந்தத் தரவாய்வாளரைக் கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க முடியுமா? மார்ட்டினுடையது எனப்படும் அந்த 1701 நூல் மட்டும் இதன் ஓரத்தைத் தொட்டது.

இவ்வளவு பேசியும் ஒருவனைப் பற்றி இன்னும் பேசவில்லை. துணியை நெய்தவன் எங்கே? அவனைத் தேடிப் பேரேட்டைத் திறந்தால், வந்த நாடு என்னும் கட்டத்தில் 'கிழக்கிந்தியா' என்னும் ஒரே பெயர் இருக்கிறது. சென்னையும் அதுவே, சூரத்தும் அதுவே, வங்கமும் அதுவே. சீனத்துத் தேயிலை வந்த இடமும் அதுவே! குழுமத்தின் சொந்தக் கணக்குகளில் ஊர்ப்பெயர்கள் உண்டு. எந்தத் துறையில் எந்தத் துணி என்பது விற்கிறவனுக்குத் தெரியவேண்டுமே. அரசு பார்த்த பேரேட்டில் அத்தனை ஊரும் ஒரு சொல்லுக்குள் அமிழ்ந்தன. கம்பளி நெசவாளன் வருந்துவானா, கருவூலம் குறையுமா, ஒல்லாந்தன் முந்துவானா என்று 1696 முதல் 1721 வரை எத்தனையோ தாள்களில் எண்ணினார்கள். தடை வந்தால் சோழமண்டலக் கரையில் எத்தனை தறி ஓயும் என்னும் வினாவுக்கு அப்பேரேட்டில் ஒரு கட்டம் இல்லை. அவர்களை இதற்காகப் பழிப்பதில் பொருளில்லை; அவர்கள் தம் அரசனுக்கு எண்ணினார்கள். நம் கரையில் இருந்த அரசர்களுள் எவரும் தம் நெசவாளனுக்காக அப்படி ஓர் அலுவலகம் அமைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இன்று கருவிகள் வளர்ந்துவிட்டன. இரு நாடுகளின் பொருளியல் பருமை மிகுந்தால் வணிகம் மிகும், தொலைவு மிகுந்தால் குறையும் என்னும் 'ஈர்ப்பு'க் கணக்கை நெதர்லாந்து அறிஞர் யான் தின்பெர்கன் 1962-இல் வணிகத்துக்குப் பொருத்திக் காட்டினார். இன்றைய மதிப்பீடுகள் பலவற்றுக்கு அது அடித்தளம். பிரித்தானியாவில் அரசுத்துறைகள் எழுதும் சட்டவிளைவு மதிப்பீடுகளைத் தனித்து நின்று ஆய்ந்து, தகுதியில்லாதவற்றைத் தகுதியில்லை என்று சொல்ல 2009 முதல் ஒரு குழு இருக்கிறது. தாவனந்துக்கு அப்படி ஒரு குழு இருந்திருந்தால் அவர்மீது விழுந்த ஐயத்தில் பாதி நீங்கியிருக்கும்.

2025 சூலை 24-இல் பிரித்தானியாவும் இந்தியாவும் வணிக உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. மீண்டும் அதே இரு கரைகள். பண்டங்களுள் மீண்டும் துணி. இந்திய ஆடைகளுக்குப் பிரித்தானியா விதித்துவந்த இறக்குமதி வரி நீங்கும் என்பது அதன் ஒரு கூறு. திருப்பூர் அதை ஆவலோடு நோக்குவதில் வியப்பில்லை. இலண்டன் அரசின் ஆய்வாளர்கள் தம் மதிப்பீட்டை வெளியிட்டனர்: நெடுங்காலப் போக்கில் பிரித்தானியப் பொருளியல் ஆண்டுக்கு 480 கோடி பவுன் மிகும், இருநாட்டு வணிகம் ஆண்டுக்கு 2,550 கோடி பவுன் மிகும். இவை எவற்றோடு ஒப்பிட்டுச் சொன்னவை? உடன்படிக்கை இல்லாத நிலையோடு ஒப்பிட்டு. சென்ற ஆண்டோடு ஒப்பிட்டன்று. செய்தித்தாளில் படிப்போர் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். இவை நடந்துவிட்ட வரவும் அல்ல. இன்னின்ன கருதுகோள்கள் நின்றால் வரும் என்னும் மதிப்பீடு.

அந்த 480 கோடியில் ஈரோட்டு நூற்பாலைப் பெண்ணின் கூலியைத் தேடுவது வீண். அது அவர்கள் நாட்டு வரவைச் சொல்லும் எண். அவள் கூலிக்குரிய எண் இக்கரையில்தான் எழுதப்படவேண்டும். எந்த ஊர், எத்தனை தறி, நூல்விலை என்ன, நாட்கூலி என்ன, வரி நீங்குமுன் எவ்வளவு, நீங்கியபின் எவ்வளவு, அதே காலத்தில் வேறு என்னென்ன மாறின என்று ஆண்டுதோறும் எழுதும் பேரேடு அது. இவ்வவையில் கணக்காயர் சிலரும், நெசவாளர் சங்கத்தார் சிலரும் வந்திருக்கிறார்கள். எந்தெந்தத் தலைப்புகளில் தொடங்குவது என்பதை அவர்கள் சொல்ல, இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம். அவைத்தலைவர் இசைவு தந்தால் அவர்கள் பேசட்டும்.